மேரக்காய்ப் பந்தல் இருந்த இடம்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு எலுமிச்சம்பழம் கை தவறி விழுந்தால் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. படி, படிக்குக் கீழே தார் ரோடு, ரோட்டுக்குக் கீழே தேயிலை என்று உருண்டு போய்க்கொண்டே இருக்கும். கோத்தகிரியில் சமதளம் தானாக இருப்பதில்லை. யாரோ ஒருவர் மண்வெட்டி பிடித்து, மேட்டைச் செதுக்கிப் பள்ளத்தில் போட்டு, கருங்கல் அடுக்கி நிறுத்தியதுதான் சமதளம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் முப்பத்துநாலு அடி நீளம், பதினெட்டு அடி அகலத் துண்டு அப்பா உண்டாக்கியது. அதில் இப்போது இருபத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரு ஸ்கேட்போர்டு ராம்ப் நிற்கிறது, சக்கரப் பலகை ஓட்டுவதற்காக இரண்டு முனையும் வளைந்து மேலே ஏறும் மரத் தளம். அது எப்படி அங்கே வந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

மகளுக்கு ஒன்பது வயதில் ஆரம்பித்த ஆசை. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஸ்கேட்போர்டு முதல்முறையாக ஒரு போட்டியாகச் சேர்ந்தது. தெருவில் இருக்கும் படி, கைப்பிடி மாதிரித் தடைகளில் ஓட்டும் பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் ஜப்பானின் மோமிஜி நிஷியா பதின்மூன்று வயதில் தங்கம் வாங்கியதை இவள் என் போனில் எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கில்லை. அடுத்த வருடம் மாமல்லபுரம் போனபோது, அவள் வயதுப் பிள்ளைகள் வெறுங்காலோடு பலகையில் போவதைப் பார்த்தாள். கோயிலைப் பார்க்கக் கூப்பிட்டால் வரவில்லை. அவள் தாய்மாமன், அதாவது என் பெரிய அண்ணன், பெங்களூரிலிருந்து ஒரு போர்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

வாங்கியாயிற்று, எங்கே ஓட்டுவது? வீட்டுக்கு முன்னால் இருக்கும் ரோடு இறக்கம். இறக்கம் முடிகிற இடத்தில் வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து இலை லாரி வரும். மூன்று வருடம் நான் வளைவில் நின்று கை காட்ட, அவள் ஓட்டினாள். ஒரு சனிக்கிழமை நான் உள்ளே அடுப்பை அணைக்கப் போயிருந்த நேரத்தில், லாரிச் சத்தம் கேட்டுப் பலகையிலிருந்து குதித்திருக்கிறாள். இடது மணிக்கட்டில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டோடு திண்ணையில் உட்கார்ந்து, சக்கரத்தை விரலால் சுழற்றி அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது அண்ணன்கள் பேரிங் வண்டி செய்தார்கள். அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். கழித்துப் போட்ட பேரிங்குகளைக் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு பலகை, இரண்டு கட்டை, பின்னால் இரண்டு பேரிங், முன்னால் ஒன்று, திருப்புவதற்குக் கயிறு. தார் ரோட்டில் இரும்பு உரசிக்கொண்டு போகும் சத்தம் எதிர்மலை வரைக்கும் கேட்கும். மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போக நான் வேண்டும், இறங்கும்போது உட்கார நான் வேண்டாம். பொம்பளைப் பிள்ளை விழுந்து முகத்தில் தழும்பு வந்தால் என்ன செய்வது என்று அம்மா சொன்னாள். அம்மாவைக் குறை சொல்லவில்லை, அவள் பயம் அவளுக்கு. ஆனாலும் என் மகள் திண்ணையில் உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்த அந்த ஆறு வாரத்தில், இதை இப்படியே விடக் கூடாது என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

இடம் ஒன்றுதான். ஆனால் அது அப்பாவுடையது. அப்பா இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். இருபத்தோரு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு நீலகிரிக்கு வந்தார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் குடியிருந்தே சம்பாதித்து இந்த இடத்தை வாங்கினார். பின்பக்கத்தை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வெட்டிச் சமப்படுத்தி, கேரட், பீட்ரூட், அப்புறம் நடுவில் பெரிய மேரக்காய்ப் பந்தல் போட்டார். மேரக்காய் என்பது சௌசௌதான். அம்மா போன பிறகு காலையும் மாலையும் அவர் இருக்கும் இடமே அந்தப் பந்தலடிதான்.

கேட்க எனக்கு இரண்டு நாள் ஆனது. கேட்டபோது அவர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "மேரக்கா எங்க விட்டாலும் ஏறும்மா. புள்ள எங்க போய் ஓட்டும்?"

அடுத்த நாளே பந்தலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

சிமெண்டில் கிண்ணம் மாதிரித் தோண்டிக் கட்டலாம் என்றுதான் மகள் முதலில் சொன்னாள். இந்த மலையில் மண்ணைத் தோண்டுவது சாதாரண விஷயம் இல்லை. ஆட்சியர் அனுமதி இல்லாமல் பொக்லைன் இறக்க முடியாது. அந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்று நினைக்கிறவள் நான். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்ததை நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். சரிவில் ஒரு குழி தோண்டினால் அது தண்ணீர் தேங்கும் தொட்டியாகும். தேங்கிய தண்ணீர் கீழே இருக்கும் தடுப்புச் சுவரைத் தள்ளும். எனவே மரத்தில், மண்ணுக்கு மேலே, கழற்றினால் கழற்றிவிடக்கூடிய மாதிரி கட்டுவது என்று முடிவானது.

ராத்திரிகளில் நானும் மகளும் படித்தோம். 1970-களின் நடுவில் கலிஃபோர்னியாவில் பெரிய வறட்சி. வீடுகளில் நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. குளத்தின் சுவர் தரையிலிருந்து வளைந்து மேலே போகும் அல்லவா, அதில் பையன்கள் ஸ்கேட்போர்டு ஓட்டிப் பார்த்தார்கள். அதற்குச் சில வருடம் முன்புதான் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்பவர் யூரித்தேன் என்ற ஒரு வகைப் பிளாஸ்டிக்கில் செய்த சக்கரம் கொண்டுவந்திருந்தார். அதற்கு முன்னால் இரும்பிலும் களிமண் கலவையிலும் செய்த சக்கரங்கள், எங்கள் பேரிங் வண்டி மாதிரி சின்னக் கல் தட்டினாலும் நிற்கிறவை. 1977-ல் டாம் ஸ்டூவர்ட் என்ற இளைஞர், கட்டடக்கலை படித்த தன் சகோதரரிடம் வரைபடம் வாங்கி, என்சினிடாஸில் தன் வீட்டு முன்வாசலிலேயே குழாயை நீளவாக்கில் பாதியாக வெட்டி வைத்த மாதிரி மரத்தில் ஒரு அரைக்குழாய் கட்டினார். கேட்டவர்களுக்கெல்லாம் அந்த வரைபடத்தை விற்றார். வீட்டில் ராம்ப் கட்டும் பழக்கம் அங்கிருந்து பரவியது. ராம்ப்பின் மேல்விளிம்பில் வைக்கும் இரும்புக் குழாயை இன்றைக்கும் கோப்பிங் என்கிறார்கள். அது நீச்சல் குளத்து விளிம்புக் கல்லின் பெயர்.

தொடக்க கால ராம்ப்புகள் சரியான அரைவட்டம். நடுவில் தட்டைத் தரை கிடையாது. ஒரு பக்கம் இறங்கி முடிக்கும் முன்பே அடுத்த பக்கம் ஏற ஆரம்பித்துவிடும், நிதானிக்க நேரம் இருக்காது. பிறகுதான் நடுவில் சமதளம் சேர்த்தார்கள். இதைப் படித்தபோது அப்பா, "ஊஞ்சல்தானே" என்றார். அதேதான். ஊஞ்சலில் எப்படிக் காலை மடக்கி நீட்டி வேகம் ஏற்றுகிறோமோ, ராம்ப்பிலும் சமதளத்தில் குனிந்து, வளைவு ஏறும்போது நிமிர்ந்தால் வேகம் கூடும். யாரும் தள்ள வேண்டாம். ரோட்டு இறக்கம் உங்களைக் கீழே கொண்டுபோய் விட்டுவிடும், திரும்ப ஏறுவது உங்கள் பாடு. ராம்ப் கொண்டுபோன இடத்திலிருந்து திருப்பிக் கொண்டுவரும்.

ஆசாரி அண்ணன் வந்தார். மேட்டுப்பாளையத்துக்காரர், இங்கே பழைய பங்களாக்களில் கதவு ஜன்னல் வேலை செய்கிறவர். படத்தைப் பார்த்துவிட்டு, "இது ஆர்ச்சுக்கு அடிக்கிற சென்ட்ரிங்தானே பாப்பா, தலைகீழாப் போட்டிருக்கு" என்றார். அன்றிலிருந்து அவருக்கு மகள் விளக்க வேண்டிய தேவையே வரவில்லை.

உயரத்தை முடிவு செய்தது ப்ளைவுட் ஷீட். ஒரு ஷீட் எட்டடிக்கு நாலடி. நாலடி உயரம் என்றால் பக்கவாட்டு வளைவை ஒரே ஷீட்டில், ஒட்டில்லாமல் வெட்டிவிடலாம். மகள் ஐந்தடி கேட்டாள், ஆசாரி அண்ணன் தலையாட்டவில்லை. வளைவின் ஆரம் ஏழரை அடி. ஆரம் குறைந்தால் சுவர் முகத்தில் அடிக்கிற மாதிரி எழும்பும், கூடினால் மந்தமாகிவிடும். நாலடி உயரத்துக்கு ஏழரை அடி ஆரம் என்றால் வளைவு தரையில் எவ்வளவு தூரம் பிடிக்கும் என்று பத்தாம் வகுப்புக் கணக்கை வைத்து மகள் போட்டாள். ஏழரையில் நாலு போக மூன்றரை. ஆரத்தின் வர்க்கத்திலிருந்து மூன்றரையின் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் ஆறடி ஏழரை அங்குலம். இரண்டு பக்கமும் அது, நடுவில் எட்டடி சமதளம், மேலே நிற்பதற்கு இரண்டு முனையிலும் நாலு நாலு அடி மேடை. மொத்தம் இருபத்தொன்பது அடி மூன்று அங்குலம். அகலம் பன்னிரண்டு அடி.

வட்டத்தை நூல் கட்டி வரையக் கூடாது. நூல் இழுபடும். ரீப்பர் என்கிற நீளமான மரப்பட்டி ஒன்றின் ஒரு முனையில் ஆணி, ஏழரை அடியில் துளை போட்டுப் பென்சில். சமையலறைத் தரையில் இடம் போதவில்லை என்று ரோட்டிலேயே ஷீட்டை விரித்து வரைந்தோம். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் பக்கத்துக்கு நாலு, மொத்தம் எட்டு வளைவுகள். முதல் ஒன்றை ஆசாரி அண்ணன் ஜிக்ஸாவில் வெட்டி, அரத்தால் தேய்த்து, அதை அச்சாக வைத்து மற்ற ஏழையும் வெட்டினார். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியபோது அப்பா விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீ போடப் போனார். அவர் திருப்தியானால் அப்படித்தான்.

குறுக்குச் சட்டத்துக்குப் புது மரம் வாங்கவில்லை. சில்வர் ஓக் இங்கே மலிவுதான், ஆனால் பச்சை மரம் காயும்போது முறுக்கிக்கொள்ளும். பழைய வீடு இடித்த இடத்தில் மூன்றுக்கு இரண்டு அங்குலச் சட்டங்கள் கிடைத்தன. ஆணி பிடுங்குவதற்கே நாலு நாள். எட்டு அங்குலத்துக்கு ஒன்று வீதம் வளைவு முழுக்க அடித்தோம். ஆணி இல்லை, எல்லாம் ஸ்க்ரூ. மழையிலும் வெயிலிலும் மரம் அசையும்போது ஆணி மெல்ல வெளியே வரும், அதில் ஒரு பிள்ளை விழுந்தால் அவ்வளவுதான்.

கோப்பிங்குக்கு இரண்டங்குல ஜி.ஐ. பைப், துரு பிடிக்காமல் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். இரண்டங்குலம் என்பது பெயர்தான், வெளி விட்டம் 60 மில்லிமீட்டர் வரும். பைப், மேடைக்கும் வளைவுக்கும் மேலே ஒரு சென்டிமீட்டர் துருத்திக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் சக்கரம் "டக்" என்று தட்டி விளிம்பைச் சொல்லும். கூடினால் பலகை மாட்டும், குறைந்தால் விளிம்பு எங்கே என்று காலுக்குத் தெரியாது. இதில்தான் எங்களுக்குப் பெரிய தவறு நடந்தது. அறுபதில் பத்து போக ஐம்பது என்று கணக்குப் போட்டு ஒரு பக்கத்து நாலு வளைவிலும் பைப் உட்காருவதற்கு ஐம்பது மில்லிமீட்டர் ஆழத்தில் காடி வெட்டிவிட்டோம். மேலே பதினெட்டு மில்லிமீட்டர் ப்ளைவுட் வரப்போவதை மூன்று பேருமே மறந்துவிட்டோம். அப்படியே விட்டிருந்தால் பைப் ப்ளைவுட்டுக்கு எட்டு மில்லிமீட்டர் கீழே புதைந்திருக்கும். கண்டுபிடித்தது மகள். காடிக்குள் வைக்கப் பதினெட்டு மில்லிமீட்டரில் துண்டுகள் வெட்டி, பசை போட்டு இறுக்கினோம். அடுத்த பக்கத்துக்கு முப்பத்திரண்டு என்று சுவரில் கரியால் பெரிதாக எழுதிவிட்டுத்தான் அப்பா ரம்பத்தையே எடுத்தார். பைப் இருபதடி நீளத்தில் வரும். பன்னிரண்டு வெட்டியது போக மிஞ்சிய இரண்டு எட்டடித் துண்டுகள் மேடைக்குப் பின்னால் கைப்பிடியாயின.

மேல்தளம் இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றும் ஒன்பது மில்லிமீட்டர். கீழே ஈரத்தைத் தாங்கும் மரைன் ப்ளைவுட். மேலே, கட்டடம் கட்டுகிறவர்கள் கான்கிரீட் போட சென்ட்ரிங் அடிக்கும் வழவழப்பான பழுப்பு ஷீட். தண்ணீர் இறங்காமல் மேலே ஃபிலிம் ஒட்டி வரும். ஈர மலைக்கு இதைவிடப் பொருத்தமானது எங்கள் கைக்கெட்டிய தூரத்தில் இல்லை. ஷீட்டின் எட்டடிப் பக்கம் ராம்ப்பின் அகலவாக்கில் கிடக்க வேண்டும். அப்போது மேலடுக்கு மரத்தின் நரம்பு அகலவாக்கில் ஓடும், பலகை நரம்புக்குக் குறுக்கே சுலபமாக வளையும். மாற்றிப் போட்டால் வில் மாதிரி திமிறும். அடி ஷீட்டுகளின் மேல் வெந்நீரில் நனைத்த சாக்கைப் போட்டு, நடுவில் கல் ஏற்றி ஒரு ராத்திரி விட்டோம். காலையில் அதுவே பாதி வளைந்திருந்தது. கீழிருந்து மேலாக ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டே போக வேண்டும். அண்ணன் பெங்களூரிலிருந்து வந்து ஷீட்டின் மேல் படுத்துக்கொண்டான், அவன் எடைக்கு அது அடங்கியது. ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம், உப்புவதற்கு.

ஜனவரியில் ஆரம்பித்தது ஏப்ரல் கடைசியில் முடிந்தது.

முடிந்த பிறகும் ஒரு வேலை இருந்தது. நான்கு பேரில் அதை யோசித்தவர் அப்பா மட்டும்தான். மேடைக்கு அடியில் ஆள் குனிந்து போகும் அளவுக்கு இருட்டு. கோத்தகிரியில் கரடி ராத்திரி தெருவில் நடக்கும். பேக்கரிக் கதவையும் கோயில் கதவையும் தள்ளிப் பார்க்கும். குட்டியோடு இருக்கும் கரடிக்கு அந்த இருட்டு ஒரு குகை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைப் போட்டுவிட்டு நேராக அங்கே ஓடுகிற பிள்ளையை நினைத்தால் எனக்கு இன்னமும் உடம்பு நடுங்குகிறது. நாலு பக்கமும் தடித்த வெல்ட் மெஷ் அடித்தார். காற்றுப் போகும், அடி மரம் காயும், விலங்கு நுழையாது. காட்டெருமை ஒன்று வந்து ஒரு வாரம் மேடை மூலையில் முதுகு தேய்த்துவிட்டுப் போனது. மூலைக் கம்பத்தைக் கூடுதலாக ஒரு கட்டை கொடுத்து முட்டுக்கொடுத்தோம்.

ராம்ப்பில் முதலில் கற்க வேண்டியது இறங்குவது. பலகையின் வாலைக் கோப்பிங்கில் பின்காலால் அழுத்தி, பலகையின் மீதிப் பகுதி வெறும் காற்றில் நிற்க, முன்காலை ஓங்கி மிதித்து உடம்போடு வளைவுக்குள் சாய வேண்டும். பயந்து பின்னால் சாய்ந்தால் பலகை முன்னால் ஓடிவிடும், முதுகு கீழே அடிக்கும். முழு உடம்பையும் கொடுத்தால்தான் நிற்க முடியும். தலைக்கவசம், முழங்கால் கவசம், மணிக்கட்டுக் கவசம் போட்டுக்கொண்டு பதினொரு நாள் மேலே நின்றாள். ஒவ்வொரு நாளும் வாலை வைப்பாள், முன்காலைத் தூக்குவாள், திரும்பப் பின்னால் வைத்துவிடுவாள். நான் சமதளத்தில் நின்று கையை நீட்டிக்கொண்டிருப்பேன். அப்பா தூரத்தில் நாற்காலியில் இருப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார்.

பன்னிரண்டாம் நாள் என்னை வெளியே போகச் சொன்னாள். "நீ நின்னா உன் மேல விழுந்துடுவேன்னு தோணுதும்மா."

நான் விலகினேன். இறங்கினாள். நின்றபடியே எதிர்ப்பக்கம் ஏறினாள், பாதி வரை போய், பின்பக்கமாகத் திரும்பி வந்து, சமதளத்தில் தடுமாறி உட்கார்ந்தாள். முழங்கால் கவசம் ப்ளைவுட்டில் சறுக்கிய சத்தம் கேட்டது. உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். நானும்தான்.

அக்டோபரில் ராம்ப் தன் முதல் மழையைப் பார்த்தது. எங்கள் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் மழை, ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஜூன், ஜூலையில் பெய்வது போல இங்கே பெய்யாது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நின்றதும் போய்ப் பார்த்தால், பள்ளத்துப் பக்கத்து மேடை ஒரு அங்குலம் இறங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, மகள் காலுக்குத் தெரிந்தது. ஓடும்போது தன்னை யாரோ ஒரு பக்கம் இழுப்பதாகச் சொன்னாள். டியூப்பில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்தோம். சரிவில் எடுத்த சமதளத்தில் உள்பக்கம் வெட்டிய மண், அது கெட்டி. வெளிப்பக்கம் கொட்டிய மண், ஐம்பது வருடம் ஆனாலும் தண்ணீர் குடித்தால் அமுங்கும். அப்பாவுக்கு அது தெரியும், அந்த மண்ணைக் கொட்டியவரே அவர்தானே. அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் ஜாக்கி வைத்து மேடையைத் தூக்கி, கம்பங்களுக்கு அடியில் அகலமான கான்கிரீட் பட்டைகள் கொடுத்து, ராம்ப்புக்கு மேல்பக்கம் ஒரு அடி ஆழத்தில் வாட்டம் பார்த்து வாய்க்கால் எடுத்தார். இந்த வருட மழைக்கு அசையவில்லை.

இப்போது காலையில் முதலில் எழுபவர் ராம்ப்பைத் துடைக்க வேண்டும். பனி இறங்கிய ஃபிலிம் ஷீட் பாசி மாதிரி வழுக்கும். பழைய வேட்டித் துணி, சமதளத்திலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மேலே. பெரும்பாலும் அது அப்பாதான். சாயங்காலம் கீழ்த்தெருவிலிருந்து நாலைந்து பிள்ளைகள் வருகிறார்கள். மூன்று பேர் பெண் பிள்ளைகள், இரண்டே போர்டு. வரிசையில் நின்று ஓட்டுகிறார்கள். கவசம் போடாதவர் மேடையில் ஏறக் கூடாது என்பது என் கட்டளை. மேரக்காய்க் கொடி கைப்பிடிப் பைப்பில் ஏறியிருக்கிறது. பிள்ளைகள் அதைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்வதும் அப்பாவின் வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது பின்சுவரில் கீறுகிற சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா அந்தப் பழைய ரீப்பரின் முனையைச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டி, எட்டடியில் புதுத் துளை போட்டு, கரியால் வளைவு வரைந்துகொண்டிருக்கிறார். ஒரு பக்கத்தை மட்டும் ஐந்தடியாக உயர்த்தலாமாம். பாப்பா கேட்டாளாம். ஆசாரி அண்ணனுக்குப் போன் போட்டாயிற்று. ஷீட் நாலடிதான், ஐந்தடிக்கு ஒட்டுப் போட்டாக வேண்டும், ஒட்டு எங்கே வருவது என்பதில் இரண்டு பேருக்கும் இன்னும் முடிவாகவில்லை. சுவரில் கோட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் "32" என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டு வைத்திருக்கிறார்.